விடுதலும் பற்றுதலும்

ஆன்மா சார்ந்ததன் வண்ணமாதல் என்பது சைவ சித்தாந்தத்தின் துணிபு. படிகமானது தன்னை அடுத்த பொருளின் நிறத்தையே தன்னிறமாகக் காட்டுமாறு போல, உயிரும் தான் எதனைப் பற்றி நிற்கின்றதோ அதன் தன்மையே எய்தி நிற்கும். இதனை ஓதும் சைவர் பலர். ஒழுக்கத்திற் கொள்வோர் சிலர். இவ்வேறுபாடு இக்காலத்துத் தெளிவாகப் புலப்படும் இடம், இரங்கத்தக்க வகையில், திருக்கோயிலே ஆயிற்று.

தருமபுரி மாவட்டத்தில் அரூரை அடுத்துள்ள தீர்த்தமலை, அருணகிரிநாதரின் திருப்புகழ் பெற்ற தலம். அம்மலைமேல் தீர்த்தகிரீசுவரர் வடிவாம்பிகையுடன் எழுந்தருளியிருக்கின்றார். இராம தீர்த்தம், குமார தீர்த்தம், கௌரி தீர்த்தம், அகத்திய தீர்த்தம், அக்கினி தீர்த்தம் எனத் தீர்த்தங்கள் பல அங்கு உள. அவற்றுள் பாறையினின்றும் வீழும் இராம தீர்த்தத்திற்கு ஒரு தலவரலாறு வழங்குகின்றது. சிவபூசை செய்யக் கருதிய இராமபிரான் கங்கை நீர் கொணருமாறு அனுமனை ஏவினார். அனுமன் வரத் தாழ்த்தமையின் கணையால் மலையைப் பிளந்து, அங்குச் சுரந்த நீர் கொண்டே பூசையை முடித்தார் என்பது அது. இதன் கருத்து யாது? சேய்மைக்கண் உள்ளது வரும்வரை பூசை காத்திருக்க வேண்டுவதில்லை. நின்ற இடத்துச் சுரப்பதே போதும் என்பதன்றோ? எளிய வாழ்வின் உட்பொருள் முழுவதும் இவ்வரலாற்றினுள் அடங்கியுள்ளது.

அத்தகைய மலையின்மீது இன்று ஏறுவோர் பலரது நிலை யாது? கால் படியில் உள்ளது. கண் கைப்பேசியில் உள்ளது. தீர்த்தம் தலைமேல் வீழ்கின்றது. நெஞ்சமோ, அது படத்திற் செவ்வையாக விழுந்ததா என்பதில் வீழ்கின்றது. சந்நிதியினின்று இறங்கும் முன்னரே, அப்படத்தைக் கண்டு மகிழ்ந்தோர் எத்துணையர் என்னும் கணக்குத் தொடங்கிவிடுகின்றது. இறைவனைக் காணச் சென்றவர், தாம் பிறராற் காணப்படுதலையே பயனாகக் கொண்டு மீள்கின்றனர். படிகம் எந்நிறம் பெற்றது என்பதை அன்பர்கள் தாமே உணர்க.

இனி, இதற்கு விடை கிடைத்துவிட்டது என்பார் ஒருசாரார். திருச்செந்தூர்க் கோயில் பற்றி எழுந்த வழக்கில், 2022ஆம் ஆண்டு திசம்பரில், சென்னை உயர்நீதிமன்றத்தின் மதுரைக் கிளை, தமிழ்நாட்டுத் திருக்கோயில்களுள் கைப்பேசி கொண்டு செல்லலாகாது என ஆணையிட்டது. அவ்வாணை போற்றற்குரியதே. ஆயினும் ஆணையால் கையை வெறிதாக்கலாமன்றி மனத்தை வெறிதாக்குதல் இயலாது. வாயிலிற் கைப்பேசியை ஒப்படைத்தவன் கருவறைமுன் நிற்கும்பொழுதும் அதனையே நினைந்து நிற்பானாயின், அவன் விட்டது யாது? புறத்தடை அகத்தடைக்குத் துணையாகுமேயன்றி அதுவே ஆகாது.

மற்றொருசாரார், அக்கருவியிலேயே பன்னிரு திருமுறையும் மெய்கண்ட சாத்திரமும் அடங்கியுள்ளன, ஓதுவார் இசையும் கேட்கப்படுகின்றது, அதனைப் பழித்தல் தகுமோ என்பர். இக்கூற்றில் ஓரளவு உண்மை உண்டு. கருவியின்மேற் குற்றம் இல்லை. எழுத்தாணியும் ஏடும் கருவியே. ஆயின் ஏட்டுச் சுவடி தன்னை ஓதுமாறு எவரையும் இடையறாது அழைத்ததில்லை. ஓதி முடித்துக் கட்டி வைத்தால் வாளா கிடந்தது. இக்கருவியோ ஒருவன் பதிகம் கேட்கும்பொழுதே வேறு நூறு செய்திகளைக் காட்டி அழைக்கின்றது. அழைப்பதும் தற்செயலன்று. காண்போரின் கவனத்தைத் திரட்டி விளம்பரம் செய்வார்க்கு விற்றலே அதனகத்துள்ள பல தளங்களின் வாணிகம். செய்தி பெருகுமிடத்துக் கவனம் அருகும் என அமெரிக்க அறிஞர் எர்பர்ட் சைமன் 1971ஆம் ஆண்டிலேயே எடுத்துக் காட்டினார். ஆகலின், கருவியை ஆள்பவன் யார், கருவியால் ஆளப்படுபவன் யார் என்பதே வினா. பதிகம் முடிந்ததும் அதனை மூடி வைக்க வல்லவன் ஆளட்டும். மாட்டாதவன் அச்சிட்ட புத்தகத்தையே நாடுக.

மூன்றாமவர் எளிமையையே ஒரு சமயமாகக் கொண்டோர். வேண்டாப் பொருள்களை எறிக, வீட்டை வெறிதாக்குக, செய்திகளை ஒழிக்க, அமைதி தானே வரும் என்பது அவர் உபதேசம். இதுவே நுணுகி மறுக்கத்தக்கது. கேட்டற்கு இனிதாய் இருத்தலின். உயிர் யாதொரு சார்புமின்றித் தனித்து நிற்கும் பொருளன்று என்பது சித்தாந்தம். ஒன்றை விட்டமட்டில் வேறொன்றைப் பற்றும். பெட்டியை வெறிதாக்கினோன் தன் வெறும்பெட்டியைப் பற்றிப் பெருமிதம் கொள்வான். கைப்பேசியை ஒரு திங்கள் துறந்தோன் துறந்ததைப் பலர்க்கு அறிவித்தற்பொருட்டே மீண்டும் அதனை எடுப்பான். இருளை முன்னர் வாரி எறிந்துவிட்டுப் பின்னர் விளக்கேற்றுவார் உலகில் இலர். விளக்கு வரவே இருள் நீங்கும். அவ்வாறே பாச நீக்கமும் சிவப்பேறும் இருவேறு காலத்தன அல்ல.

சிவஞானபோதத்து எட்டாம் சூத்திரம் ஐம்புலன்களை வேடர் என உருவகித்து, அவரிடை வளர்ந்து தன் குலம் மறந்த அரசகுமரன் நிலையில் உயிரை வைத்து உணர்த்துகின்றது. அக்குமரன் வேடர் சேரியை விட்டது, சேரி இழிந்ததெனத் தானே ஆய்ந்தன்று. தன் தந்தை இன்னார் என உணர்த்தப்பெற்றமையான். உணர்வு முன், விடுதல் உடன்.

திருநாவுக்கரசர் திருப்புகலூரில் உழவாரப் பணி செய்தவிடத்துப் பொன்னும் மணியும் கிடந்தனவாக, அவற்றைப் பருக்கைக் கற்களோடு ஒப்ப உழவாரத்தில் ஏந்தி வாவியில் எறிந்தார் எனச் சேக்கிழார் கூறுவர். பொன்னைத் துறத்தற்கெனத் தனி நோன்பு ஒன்றும் அவர் மேற்கொண்டிலர். கையும் கருத்தும் பணியில் நிறைந்திருந்தமையின் பொன்னுக்கு அங்கு இடமில்லாதாயிற்று. இதுவே சைவர் கண்ட எளிமை.

இல்லறத்தார்க்கு இஃது இயலுமோ எனின், சரியை அவர்க்கே உரிய நெறி. தீர்த்தமலைக்குச் செல்வோர் கைப்பேசியை அடிவாரத்தே வைத்துச் செல்க. பல தலங்களை ஒரே பகலில் எண்ணித் தீர்க்க விரையாது, ஒரு தலத்தில் ஒரு நாழிகை அமைந்திருக்க. ஒரு பதிகத்தை நெட்டுருச் செய்து ஓதுக. ஏறும் வழியில் பிறர் எறிந்த குப்பையைப் பொறுக்கித் தூய்மை செய்க. அதுவும் உழவாரப் பணியே. இல்லத்திலும் காலை மாலை இருபொழுதில் திருநீறணிந்து திருவைந்தெழுத்தை எண்ணும் நேரத்தில் வேறெவ்வோசையும் புகாவாறு காக்க. இவற்றுள் ஒன்றேனும் நிலைத்தால், விடவேண்டியவை விடுவார் முயற்சியை எதிர்பாராது தாமே கழலும்.

கழலாவிடின் வரும் இழப்புச் சிறிதன்று. வாழ்நாள் முழுதும் சார்ந்ததனையே இறுதிப் பொழுதிலும் நெஞ்சம் சாரும். அப்பொழுது புதிதாக ஒன்றைப் பற்ற எவர்க்கும் ஓய்வு இராது. மானுடப் பிறவி பெற்றும், சைவத்துட் பிறந்தும், தீர்த்தத்தின் கீழ் நின்றும், நிழற்படத்தின் நிறமே பெற்று மீள்வது அறிவுடையார்க்கு அடாது.

திருச்சிற்றம்பலம்.