சக்கரத்தின் மேல் ஒரு வீடு

வீட்டை முதுகில் சுமந்துகொண்டு ஊர் சுற்றுவது நத்தை மட்டும்தான் என்று நினைத்துவிடாதீர்கள். 1982-ல் என்.டி. ராமராவ் ஆந்திர தேசம் முழுவதும் பிரசாரத்துக்குப் போனது ஒரு பழைய செவர்லே வானில்தான். ‘சைதன்ய ரதம்’ என்று பெயர் பெற்ற அந்த வண்டியே அவருக்கு மேடை; அதுவே வீடு.

அப்படி ஒரு பழைய வானை வாங்கி, படுக்கையும் அடுப்பும் வைத்து, குழந்தை குட்டிகளோடு தஞ்சாவூரிலிருந்து வேளாங்கண்ணிக்குப் போய்வர உங்களுக்கும் ஆசை இருக்கலாம். நல்ல ஆசைதான்! ஆனால் ஜன்னலுக்குத் திரை தைப்பதற்கு முன்னால், பானெட்டைத் திறந்து ஒயர்களைப் பாருங்கள்.

அந்தக் கால ஒயருக்கு ரப்பர் உறை. அதன் மேல் நூல் பின்னல். எஞ்சின் சூட்டில் வருஷக் கணக்காய் வெந்த ரப்பர் அப்பளமாய் நொறுங்கும். போதாக்குறைக்கு நம் ஊர் எலிகள் வேறு! அறுவடை முடிந்து வயல் வெறிச்சோடியதும் அவை வீட்டுப் பக்கம் வந்துவிடுகின்றன. பானெட்டுக்கு அடியில் ஒதுங்க இடம் கிடைத்தால் விடுமா? எலியின் முன்பற்கள் ஆயுள் முழுவதும் வளர்பவை. எதையாவது கொறித்துத்தான் ஆக வேண்டும். வயலில் வைக்கிற தஞ்சாவூர்க் கிட்டியை எஞ்சினுக்குள் வைக்க முடியாதே!

“12 வோல்ட்தானே, என்ன செய்துவிடும்?” என்பார்கள். தொட்டால் ஷாக் அடிக்காது, வாஸ்தவம். 60 வாட் ஹெட்லைட் ஒன்று இழுப்பதும் 5 ஆம்பியர்தான். ஆனால் உறை போன ஒயர் வண்டியின் இரும்பில் பட்டால், பாட்டரி நூற்றுக்கணக்கான ஆம்பியரைக் கொட்டிவிடும். ஆம்பியர் இரண்டு மடங்கானால் ஒயரில் பிறக்கும் சூடு நான்கு மடங்கு! ஒயர் பழுக்கக் காய்கிறது. பக்கத்தில் பெட்ரோல் குழாய். பின்னால் படுக்கையில் குழந்தைகள். மேலே சொல்ல வேண்டுமா?

ஆகவே டேப்பைச் சுற்றி ஒப்பேற்றாதீர்கள். முதலில் பாட்டரியின் எர்த் ஒயரைக் கழற்றச் சொல்லுங்கள். பிறகு ஒவ்வொரு ஒயருக்கும் சீட்டுக் கட்டி, எங்கிருந்து எங்கே போகிறது என்று எழுதிக்கொண்டு, ஒவ்வொன்றாக மாற்ற வேண்டும். பிரிட்டிஷ் வண்டியானால் லூகாஸ் நிறங்களே வழி காட்டும்: பழுப்பு பாட்டரியிலிருந்து வருவது, வெள்ளை இக்னிஷன், நீலம் ஹெட்லைட், கறுப்பு எர்த். தகரத்தைத் துளைத்துப் போகும் இடத்தில் ரப்பர் வளையம் அவசியம். எர்த் பிடிக்கும் இடத்தில் பெயிண்டையும் துருவையும் நன்றாகச் சுரண்டிவிட வேண்டும்; கடற்கரை உப்புக் காற்றில் துரு சீக்கிரம் ஏறும்.

எல்லாவற்றிலும் முக்கியம் பியூஸ். அது பாட்டரிக்கு அருகிலேயே இருக்க வேண்டும். பியூஸ் விளக்கைக் காப்பாற்றுவதற்கு என்று பலர் நினைக்கிறார்கள். இல்லை, ஒயரைக் காப்பாற்றுவதற்கு! ஒயர் தாங்குவதற்கு மேல் பியூஸ் போடலாகாது. உள்ளே இருக்கும் விளக்குக்கும் விசிறிக்கும் தனி ஒயர், தனி பியூஸ். பியூஸ் போன இடத்தில் சிகரெட் பெட்டியின் வெள்ளிக் காகிதத்தைச் சுருட்டி வைக்கும் சாமர்த்தியசாலிகளை வண்டியின் பக்கமே அண்டவிடாதீர்கள்.

பியூஸ் உருகினால் பாதி வழியில் நிற்க நேரிடும். எரிச்சலாகத்தான் இருக்கும். ஆனால் அந்தச் சின்னக் கம்பி தான் எரிந்து, உங்கள் குழந்தைகளின் தூக்கத்தைக் காப்பாற்றியிருக்கிறது.