மெட்டோடு போகும் பாட்டு

கிறித்தவத் தமிழ் என்றதும் நம் இலக்கிய வரலாறுகள் தேம்பாவணியையும் இரட்சணிய யாத்திரிகத்தையும் சொல்லி அமைந்துவிடுகின்றன. ஆனால், நெல்லைச் சீமையின் சிற்றூர்த் திருச்சபைகளில் மக்கள் நாவில் வாழ்பவை அக்காப்பியங்கள் அல்ல. வேதநாயக சாஸ்திரியார் (1774–1864) முதலானோரின் கீர்த்தனைகளே.

அவற்றை வாழவைத்தது திருச்சபையின் ஆண்டுச்சுற்று. மார்கழிப் பனியில் வீடுவீடாகச் செல்லும் கீதபவனி, லெந்து நாட்களின் உருக்கம், விளைபொருட்களை ஆலயத்தில் படைத்து ஏலமிடும் அறுப்பின் பண்டிகை, சபையார் ஒன்றாகப் பந்தியில் அமரும் அசனம் என ஒவ்வொரு பருவமும் தனக்குரிய பாட்டைக் கேட்டு வாங்கியது. எழுத்தறியாத முதியவளும் பல்லவி, அனுபல்லவி, சரணம் பிசகாமல் பாடியது இவ்வழியேதான்.

இன்றோ பல இடங்களில் இரண்டு சரணங்களோடு பாட்டு முடிகிறது. புத்தகத்தில் தலைப்பருகே அச்சிட்ட இராகமும் தாளமும் எவர் கண்ணிலும் படுவதில்லை. பவனியில் குரலை ஒலிபெருக்கி முந்திக்கொள்கிறது. புதுப்பாடல்கள் வருவதில் நமக்கு மறுப்பில்லை. சாஸ்திரியார் பாடல்களும் ஒருகாலத்தில் புதியவையே. பழையதைக் கற்றுக்கொடுக்கும் பொழுது அற்றுப்போனதே நம் கவலை.

ஓய்வுநாள் பள்ளிகள் பருவத்திற்கொரு கீர்த்தனையை முழுமையாகப் பயிற்றுவிக்கலாம். கல்லூரித் தமிழ்த்துறைகள், சமயம் பாராது, முதியோர் பாடுவதைப் பதிவு செய்யலாம். சொல் அச்சில் எஞ்சும். மெட்டோ அதைப் பாடிய கடைசி முதியவரோடு போய்விடும்.