புகை பார்ப்பதற்கா?

துறையூரில் நாட்டு மருந்துக்கடை வைத்திருக்கிறேன். சாம்பிராணியும் குங்கிலியமும் நிறுத்துக் கொடுத்தே காலம் ஓடுகிறது. ஊதுபத்தி பூஜையறையை விட்டு ஹாலுக்கு வந்துவிட்டதே என்று நான் புலம்புவேன் என எதிர்பார்க்கிறார்கள். மாட்டேன். தலைக்குக் குளித்த பெண்கள் கூந்தலுக்குப் புகை போட்டதும், மழைக்காலத்தில் துணிகளுக்குக் காட்டியதும் எந்தச் சாமிக்காக? சாம்பிராணியே சுமத்ராவிலிருந்து கப்பலேறி வந்த பிசின். வெள்ளிக்கிழமை கடைவீதியில் பாய் தூபம் போட்டுக்கொண்டு வந்தால் எல்லாக் கடைக்காரர்களும்தான் கண்ணில் ஒற்றிக்கொள்கிறோம்.

என் சண்டை வேறு. "அண்ணே, அருவி மாதிரி புகை கொட்டுமே, ஜப்பான் பத்தி, இருக்கா?" என்று கேட்டு வருகிறார்கள், புதுவீடு கட்டியவர்கள். அடியில் துளையிட்ட கூம்பு, கீழே வழியும் புகை, பக்கத்தில் ரெசினில் வார்த்த புத்தர் தலை. ஜப்பான்காரர்கள் மெனக்கெட்டதோ புகையைக் குறைக்க!

595-இல் அவாஜி தீவில் அகில்கட்டை ஒன்று கரையொதுங்கியதாக அவர்களுடைய பழைய வரலாற்று நூலான நிஹோன் ஷோகி சொல்கிறது. இன்றைக்கும் அந்தத் தீவுதான் பத்தித் தொழிலுக்குப் பேர்போனது. நல்ல அகிலும் சந்தனமும் கடல் தாண்டி வரவேண்டிய சரக்கு என்பதால், கையாள்வதில் அப்படியொரு சிக்கனம். 'கோதோ' என்ற வாசனைக் கலையில் கட்டையை எரிப்பதே இல்லை. சாம்பலுக்குள் தணலைப் புதைத்து, மேலே மைக்கா தகடு வைத்து, அதன்மேல் துளியூண்டு அகில்சீவல். சூட்டில் மணம் மட்டும் எழும். அவர்களுடைய பத்தியிலும் உள்ளே மூங்கில் குச்சி கிடையாது. நம் பத்தியில் பாதி நெடி அந்த மூங்கில் எரிவதுதான்.

வீட்டு அலங்காரத்துக்கு அதை எடுத்துக்கொள்ளலாமே! நாம் எடுத்துக்கொண்டது பொம்மையை. ஜன்னல் சாத்திய ஏ.சி. அறையில், இளைப்புள்ள பிள்ளையை வைத்துக்கொண்டு, புகையை வேடிக்கை பார்க்கிறோம். அதற்கு என் கடைச் சாம்பிராணியை வாசல் திறந்துவைத்துப் போடுவது மேல் (வியாபாரத்துக்காகச் சொல்கிறேன் என்றாலும் சரி).

மூங்கில் இல்லாத பத்தி செய்வது பெரிய வித்தையும் அல்ல. அவர்கள் பசைக்குத் தாபு மரப்பட்டைப் பொடி சேர்க்கிறார்கள். நமக்கு மைதாலக்கடி இருக்கிறது. சந்தனத்தூள், வெட்டிவேர்ப்பொடியோடு பிசைந்து, இடியாப்பம்போல் பிழிந்து, நிழலில் காயவைக்கவேண்டும். துறையூர்ப் பக்கத்து மகளிர் குழு எதுவும் இறங்கத் தயார் என்றால் வரட்டும். முதல் மூட்டை மைதாலக்கடி கடனுக்குத் தருகிறேன்.