நால்வகைச் சொல்லும் எண்வகைச் சொல்லும்

கல்லூரிக்குள் அடியெடுத்து வைத்த பின்னும் நம்மை விட்டு அகலாத அச்சம் ஒன்று உண்டு. அதுதான் ஆங்கில அச்சம். சிறப்புப் பாடத்தில் நல்ல மதிப்பெண் பெறும் மாணவரும் பகுதி இரண்டு ஆங்கிலத் தாளில் தவறிவிட்டு, பட்டம் கைக்கு வராமல் தவிப்பதைக் காண்கிறோம். நேர்முகத் தேர்வில் விடை தெரிந்தும் வாய் திறவாமல் திரும்பி வருவோரையும் காண்கிறோம். அந்த அச்சத்தின் வேரைத் தேடிப் போனால், பள்ளிப் பருவத்தில் நெட்டுருப் போட்ட எட்டுப் பெயர்களில் போய் நிற்கும். நவுன், புரோநவுன், வெர்ப், அட்ஜெக்டிவ், அட்வெர்ப், பிரிபொசிஷன், கன்ஜங்ஷன், இன்டர்ஜெக்ஷன்! மூச்சு விடாமல் ஒப்பித்துவிடுவோம். ஆனால் ஒரு வாக்கியத்தைக் கொடுத்து, இதில் எது எந்த வகை என்று கேட்டால் விழிப்போம்.

மாணவரின் மந்த புத்தியே இதற்குக் காரணம் என்று கூறுவோர் உளர். நான் அவ்வாறு கருதவில்லை. நமக்கு முன்பே தெரிந்த ஒன்றை, அறவே தெரியாத புதுமை போலக் கற்பிப்பதே காரணம். கையில் வெண்ணெயை வைத்துக்கொண்டு நெய்க்கு அலைகிறோம் என்பதே என் கருத்து.

சொற்களை வகைப்படுத்தும் கலை தமிழனுக்குப் புதியதா? தொல்காப்பியச் சொல்லதிகாரத்தில் பெயரியல், வினையியல், இடையியல், உரியியல் என நான்கு இயல்கள் இதற்கென்றே உள்ளன. பெயரும் வினையுமே அடிப்படை. இடையும் உரியும் அவற்றைச் சார்ந்து வருவன என்பது தொல்காப்பியர் கொள்கை. பவணந்தியாரின் நன்னூலும் இவ்வழியே செல்கிறது. இவற்றை நாம் பள்ளித் தமிழ்ப் பாடத்திலேயே படித்துவிட்டோம். ஆனால் தமிழ் வகுப்பில் படித்ததை அடுத்த மணி நேரத்து ஆங்கில வகுப்புக்கு எடுத்துச் செல்ல நமக்கு யாரும் சொல்லித் தரவில்லை.

ஆங்கிலத்தின் எட்டு வகையோ ஆங்கிலேயர் கண்டுபிடித்ததன்று. கி.மு. 2ஆம் நூற்றாண்டைச் சேர்ந்த டயோனீசியஸ் திராக்ஸ் என்பவர் பெயரால் வழங்கும் கிரேக்க இலக்கண நூலில் எட்டு வகைச் சொற்கள் கூறப்பட்டன. அதில் ஆர்ட்டிகிள் இருந்தது, இன்டர்ஜெக்ஷன் இல்லை. இலத்தீன் மொழியில் ஆர்ட்டிகிள் கிடையாது. ஆகவே இலத்தீன் இலக்கணிகள் அதை நீக்கி, இன்டர்ஜெக்ஷனைச் சேர்த்து, எட்டு என்ற கணக்கைக் காப்பாற்றினர்! ஆங்கிலத்துக்கு 1586இல் முதல் இலக்கணம் எழுதிய வில்லியம் புல்லோக்கர் அந்த இலத்தீன் அச்சிலேயே தம் நூலை வார்த்தார். 1795இல் வெளிவந்த லிண்ட்லி மர்ரேயின் புகழ்பெற்ற இலக்கணம் ஒன்பது வகை என்றது. 1952இல் அமெரிக்க அறிஞர் சார்லஸ் ஃபிரீஸ், மக்களின் தொலைபேசி உரையாடல்களைப் பதிவு செய்து ஆராய்ந்து, பெரும் வகை நான்கு, துணைச் சொற்களின் குழு பதினைந்து என்று வகுத்தார். ஆக, எட்டு என்பது கல்லில் பொறித்த எண்ணன்று. சொற்கள் வாக்கியத்தில் செய்யும் வேலையைக் கண்டு அறிஞர்கள் இட்டுக்கொண்ட கணக்கே அது. வேலையைக் காட்டாமல் பெயரை மட்டும் ஒப்பிக்கச் செய்தால் என்ன விளையும்? இப்போது விளைந்திருப்பதே விளையும்.

வேலையைக் காண நாம் நெடுந்தூரம் போக வேண்டியதில்லை. 1964இல் தொடங்கப்பட்ட அம்பத்தூர் தொழிற்பேட்டை நம் பக்கத்தில் இருக்கிறது. அங்குள்ள பட்டறை எதிலும் 'ஃபைல்' என்ற சொல்லைக் கேட்கலாம். 'எ ஃபைல்' என்றால் அரம், அது நவுன். 'ஹி ஃபைல்ஸ்' என்றால் அவன் அராவுகிறான், அது வெர்ப். தமிழில் அரம் வேறு, அராவு வேறு. ஆங்கிலத்தில் சொல் ஒன்றே. அமரும் இடம்தான் வேறு. முன்னால் 'எ' வந்தால் பெயர். 'ஹி' வந்தால் வினை. 'டிரில்' என்பதும் அப்படியே: கருவியும் அதுவே, துளையிடுதலும் அதுவே. இது கண்டு மலைக்க வேண்டாம். தமிழிலும் 'அடி' என்பது வினையாகவும் வரும், 'ஓர் அடி விழுந்தது' என்று பெயராகவும் வரும். முதனிலைத் தொழிற்பெயர் என்று நாம் படித்தது இதைத்தானே!

இன்னொன்றையும் கவனியுங்கள். பட்டறைத் தொழிலாளி 'டிரில் பண்ணு', 'செக் பண்ணு' என்பார். 'செக்கினான்' என்று ஒருவரும் சொல்வதில்லை. ஆங்கில வினையைப் பெயராக்கி வைத்துக்கொண்டு, 'பண்ணு' என்ற தமிழ் வினையைப் பின்னால் சேர்த்து, அதில் காலத்தையும் பாலையும் ஏற்றுகிறார். எந்த இலக்கண வகுப்பிலும் அமராமலே பெயர் எது, வினை எது என்று அவர் நாவு பிரித்தறிகிறது. இந்த அறிவு நம் எல்லோரிடமும் இருக்கிறது. அதைத் தட்டி எழுப்புவதே ஆசிரியர் பணி.

நம்மவர் ஆங்கிலத்தில் செய்யும் பிழைகளும் குருட்டுப் பிழைகள் அல்ல. ஒவ்வொன்றின் பின்னும் ஒரு தமிழ் இலக்கணம் நிற்கிறது. 'ஆவடிக்குச் சென்றடைந்தேன்' என்று நினைப்பவர் 'ஐ ரீச்ட் டு ஆவடி' என்று எழுதுகிறார். நான்காம் வேற்றுமையின் 'கு' அங்கே 'டு' ஆகிவிட்டது. 'ரீச்' என்ற வினையோ 'டு'வை ஏற்பதில்லை. 'அதைப் பற்றி விவாதித்தோம்' என்பது 'டிஸ்கஸ்ட் அபௌட்' ஆகிறது. 'பாட்டைக் கேட்டேன்' என்பதில் இரண்டாம் வேற்றுமை வருவதால், 'லிசன்' என்பதற்குப் பின் வர வேண்டிய 'டு' விழுந்துபோகிறது. 'அவன் நல்ல பையன்' என்ற தமிழ் வாக்கியம் வினைச்சொல் இல்லாமலே முழுமை பெறும். ஆங்கிலத்திலோ 'இஸ்' இல்லாமல் வாக்கியம் நிற்காது. அந்த 'இஸ்' நம் விடைத்தாள்களில் அடிக்கடி காணாமற் போவது இதனால்தான்.

பிரிபொசிஷனே நமக்குப் பெருஞ்சிக்கல். நமது வேற்றுமை உருபு சொல்லின் பின்னால் ஒட்டிக்கொண்டு வரும். அவர்களுடையது முன்னால் தனித்து நிற்கும். பேருந்தில் வந்தேன், ஆவடியில் ஏறினேன், பூந்தமல்லியில் வசிக்கிறேன், சுவரில் எழுதினேன் என நான்கிலும் நமக்கு 'இல்' ஒன்றே போதும். ஆங்கிலத்தில் முறையே 'பை', 'அட்', 'இன்', 'ஆன்' என்று நான்கு வேண்டும். இந்த வேற்றுமையை ஒருமுறை கரும்பலகையில் எழுதிக் காட்டிவிட்டால் மாணவர் எங்கே விழிப்பாக இருக்க வேண்டும் என்பதை உணர்ந்துகொள்வார். பிரிபொசிஷனின் வரையறையை நூறு முறை எழுதினாலும் இந்த உணர்வு வராது.

"தமிழைக் காட்டி ஆங்கிலம் கற்பித்தால் இரண்டும் குழம்பும்" என்று சில பேராசிரியப் பெருமக்கள் கருதலாம். நியாயமான ஐயமே. உரிச்சொல்தான் அட்ஜெக்டிவ் என்று ஒன்றுக்கு ஒன்று வைத்துவிட்டால் குழப்பம் வரத்தான் செய்யும். 'நனி', 'தவ' போன்ற உரிச்சொற்கள் அந்தச் சட்டைக்குள் அடங்கமாட்டா. ஆகவே ஒற்றுமையைக் காட்டும் அளவுக்கு வேற்றுமையையும் காட்ட வேண்டும். வரலாறு இதற்குத் துணை நிற்கிறது. 1716இல் செருமனியின் ஹாலே நகரில் அச்சான சீகன்பால்கின் தமிழ் இலக்கணமும், 1738இல் தரங்கம்பாடியில் அச்சான வீரமாமுனிவரின் கொடுந்தமிழ் இலக்கணமும் இலத்தீன் மொழியில் எழுதப்பட்டவை. ஐரோப்பியர் தமக்குத் தெரிந்த இலக்கணத்தின் துணையால் தமிழைக் கற்க வழி செய்தவை அவை. அவர்கள் அந்தக் கரையிலிருந்து பாலம் கட்டினார்கள். நாம் இந்தக் கரையிலிருந்து கட்டக் கூடாதா?

"இலக்கணமே வேண்டாம், பேசப் பேச வந்துவிடும்" என்பார் வேறு சிலர். பேச்சு, கேட்பதால் வருவது. வீட்டிலும் தெருவிலும் ஆங்கிலம் காதில் விழும் பிள்ளைக்கு அது பொருந்தும். திருமுல்லைவாயிலிலிருந்தும் பட்டாபிராமிலிருந்தும் தமிழ் வழியில் படித்து வந்து, குடும்பத்திலேயே முதன்முதலாகக் கல்லூரி வாசலை மிதிக்கும் மாணவருக்கு அந்த வாய்ப்பு எங்கே? ஊர் பழகியவனுக்கு வழிகாட்டிப் பலகை வேண்டியதில்லை. புதிதாக வருபவனுக்கு வேண்டும். இலக்கணம் அத்தகைய பலகை. 2022இல் தமிழக அரசு தொடங்கிய 'நான் முதல்வன்' திட்டம் போன்ற பயிற்சிகளில் முழுப்பயன் பெறவும் இந்த அடித்தளம் வேண்டும்.

எனவே மூன்று வேண்டுகோள்களை முன்வைக்கிறேன். முதலாண்டின் தொடக்கத்தில் பத்து மணி நேரமேனும் தமிழ்த்துறையும் ஆங்கிலத்துறையும் ஒரே வகுப்பறையில் இணைந்து சொல்வகைகளைக் கற்பிக்க வேண்டும். ஒருவர் நான்கைச் சொல்ல, மற்றவர் எட்டைச் சொல்ல, இரண்டும் எங்கே கூடுகின்றன, எங்கே பிரிகின்றன என்று மாணவர் காண வேண்டும். அடுத்து, வகுப்புத் தேர்வில் வரையறை கேட்பதைக் குறைத்து, ஒரு சொல் இந்த வாக்கியத்தில் என்ன வேலை செய்கிறது, ஏன் அப்படிக் கொள்கிறாய் என்று கேட்க வேண்டும். மூன்றாவது, மாணவ நண்பர்களுக்கு. ஒரு நாற்பது பக்க நோட்டு வாங்குங்கள். நம் பிழைகளை அதில் எழுதி, எந்தத் தமிழ்த் தொடர் அந்தப் பிழைக்குள் ஒளிந்திருக்கிறது என்று பக்கத்தில் குறியுங்கள். மூன்று மாதத்தில் உங்கள் பிழைகள் உங்களுக்கே முகம் தெரிந்தவையாகிவிடும்.

அறிஞர் அண்ணா தலைமையிலான அரசு 1968 ஜனவரியில் தமிழும் ஆங்கிலமும் என்ற இருமொழிக் கொள்கையைத் தமிழகத்துக்கு வகுத்துத் தந்தது. இரண்டையும் படிக்கிறோம்; ஆனால் அடுத்தடுத்த வீட்டில் குடியிருந்தும் பேசிக்கொள்ளாத குடும்பங்களைப் போல அவற்றைத் தனித்தனியே வைத்திருக்கிறோம். நடுச்சுவரில் ஒரு கதவு திறக்கட்டும். தமிழ் இலக்கணம் நன்கு அறிந்த மாணவர் எவரும் ஆங்கில இலக்கணத்தின் முன் தலைகுனிந்து நிற்க வேண்டியதில்லை. பாதி வழியை அவர் முன்பே நடந்து வந்துவிட்டார். மீதி வழிக்குக் கைபிடித்து அழைத்துச் செல்வோம்!