தோற்றவளுக்கு முதல் பூசை

கிண்டி ரேஸ் மைதானத்தைப் பற்றி வாயெடுத்தால் எல்லாரும் ஏக்கரில்தான் ஆரம்பிக்கிறார்கள். 160 ஏக்கர். அடுத்தது கோடி. 730 கோடி ரூபாய் வாடகை பாக்கி. 1945ல் போட்ட 99 வருடக் குத்தகை, வருடத்துக்கு 614 ரூபாய் சொச்சம் வாடகை, 2024 செப்டம்பரில் அரசு வைத்த சீல், மழைத்தண்ணீருக்கு வெட்டிய குளங்கள், வரப்போகிற பூங்கா. இந்த வாரமும் ஒரு பேப்பரில் அரைப்பக்கம் போட்டிருந்தார்கள். கடைசி வரி வரைக்கும் படித்தேன். அங்கே ஓடிய குதிரைகளைப் பற்றி ஒரு வார்த்தை இல்லை. கம்பி ஓரம் நின்று தொண்டை கிழியக் கத்திய ஜனத்தைப் பற்றியும் இல்லை. காலையிலேயே எனக்கு எரிச்சல் ஏறிவிட்டது.

அரசு செய்தது சரியா தப்பா என்ற பஞ்சாயத்துக்கு நான் வரவில்லை. சென்னைக்கு வெள்ளம் வடிய இடம் வேண்டும். 614 ரூபாய்க்கு இன்றைக்கு எங்கள் மணவூரில் ஒரு மாட்டுக்கொட்டகை கூட வாடகைக்குக் கிடைக்காது. ஆனால் 1777லிருந்து குதிரை ஓடிய இடம் என்று சொல்கிறார்களே, அத்தனை காலத்துக்கும் மிச்சம் வெறும் ரியல் எஸ்டேட் கணக்குதானா?

பேப்பரை டீக்கடைப் பெரியவரிடம் நீட்டினேன். அரக்கோணம் ரயில்வே ஒர்க்‌ஷாப்பில் வேலை பார்த்து ரிட்டையர் ஆனவர். பெயரைப் போடக்கூடாது என்பது எங்களுக்குள் பழைய ஒப்பந்தம். அவர் ரேஸுக்குப் போன விஷயம் மருமகள்களுக்கு இன்னும் தெரியாது. எண்பதுகளில் சம்பளம் வந்த கையோடு மணவூரில் ரயிலேறுவார். சென்ட்ரலில் இறங்கி, ரோட்டைத் தாண்டி, பார்க் ஸ்டேஷனில் இன்னொரு ரயிலைப் பிடித்துக் கிண்டி. கையில் ரேஸ் புக், பையில் புளிச்சோறு. கட்டுவது அஞ்சு, மிஞ்சினால் பத்து ரூபாய்.

கிண்டி ஜனத்துக்கு இரண்டே தீர்ப்புதான் உண்டு என்பார் அவர். ஃபேவரிட் ஜெயித்தால் "நான் அப்பவே சொன்னேன்". தோற்றால் "ஜாக்கி இழுத்துட்டான்". நாட்டின் ஐந்து ரேஸ் நகரங்களுக்கும் மாறி மாறிப் போகும் இன்விடேஷன் கப் கிண்டிக்கு வந்த வருடம், மும்பையிலிருந்தும் பெங்களூரிலிருந்தும் வந்த குதிரைகளைப் பார்க்க அவர் நைட் ஷிஃப்ட் முடித்துத் தூங்காமல் போனாராம். எது ஜெயித்தது என்று கேட்டேன். அதை விட்டுவிட்டு வேறு ஒன்றைச் சொன்னார்.

"ஜெயிச்ச குதிரையை முதலாளி கயிறு புடிச்சு நடத்திக்கினு வருவாரு சார். போட்டோ, மாலை, கைதட்டு. ரெண்டாவதா வந்த குதிரை அதே மூச்சு வாங்கிக்கினு, அதே வேர்வையோட, குதிரைக்காரப் பையன்கூட பின்பக்கமாப் போவும். நான் எப்பவும் அந்தப் பக்கம் போய் நிப்பேன்."

கட்டிய காசு போன ஆத்திரத்திலா என்றேன். "காசு போனது என்னுது. அது என்னா பண்ணும்?" என்றார்.

1974ல் தமிழக அரசு சட்டம் போட்டுப் பந்தயத்தை ஒழிக்கப் பார்த்தது. அது கோர்ட்டுக்குப் போய் இழுத்துக்கொண்டே கிடந்து, 1996 ஜனவரியில்தான் உச்ச நீதிமன்றம் டாக்டர் கே.ஆர்.லட்சுமணன் வழக்கில் முடிவு சொன்னது: குதிரைப் பந்தயம் வெறும் அதிர்ஷ்டம் அல்ல, திறமை சார்ந்த விளையாட்டு. ரேஸ்காரர்கள் கொண்டாடிய இந்தத் தீர்ப்பில் பெரியவருக்கு மட்டும் ஒரு மனத்தாங்கல். "அதிர்ஷ்டம்னே விட்டிருக்கலாம் சார். திறமைன்னுட்டாங்க. அப்போ நான் தோத்ததெல்லாம் என் முட்டாத்தனமா?"

காசுக்காகத்தான் கூட்டம் வருகிறது என்று சொல்பவர்களுக்கு ஒரு கணக்கு. 1973 ஜூன் 9ஆம் தேதி நியூயார்க்கில் பெல்மான்ட் ஓட்டம். செக்ரடேரியட் என்ற குதிரை 31 குதிரை நீளம் முன்னால் வந்து ஜெயித்தது. இன்றைக்கும் அந்த நேரத்தை யாரும் முறியடிக்கவில்லை. அதன்மேல் இரண்டு டாலர் கட்டியவனுக்குத் திரும்பக் கிடைப்பது இரண்டு டாலர் இருபது சென்ட். அந்தச் சீட்டுகளில் 5,617ஐ யாரும் கொண்டுபோய்க் கொடுத்துக் காசாக்கவே இல்லை. நான் அன்றைக்கு அங்கே இருந்தேன் என்று சொல்லிக்கொள்ள அந்தக் காகிதம் போதும் என்று வீட்டில் வைத்துக்கொண்டார்கள்.

இந்த இடத்தில் லாரா ஹில்லன்பிராண்டின் 'சீபிஸ்கட்' புத்தகத்தை இழுக்காவிட்டால் எனக்குச் சோறு இறங்காது. பழைய வாசகர்கள் முனகுவது கேட்கிறது. போன தடவை ரயில்வே கேட்டைப் பற்றி எழுதும்போதே இதைக் கொண்டுவந்து நுழைத்தவன் நான். 2001ல் வெளிவந்தது. வீட்டை விட்டு வெளியே வரமுடியாத தீராச் சோர்வு நோயோடு, படுக்கையும் மேசையுமாக இருந்து அந்த அம்மாள் எழுதியது. உலகத்தில் கால்கள் இவ்வளவு வேகமாக ஓடும் புத்தகம் வேறில்லை.

சீபிஸ்கட் குள்ளம். முட்டி கோணல். தின்பதிலும் தூங்குவதிலும் மட்டும் அக்கறை. முதல் பதினேழு ஓட்டத்தில் ஒன்றில்கூட ஜெயிக்கவில்லை. அதை வாங்கியவர் சார்லஸ் ஹோவர்ட் என்ற கார் வியாபாரி. பழக்கியவர் டாம் ஸ்மித், வாய் திறந்து பேசாத மனிதர். ஏறி ஓட்டியவர் ரெட் பொல்லார்ட். பொல்லார்டுக்கு வலது கண் தெரியாது. வெளியே சொன்னால் லைசென்ஸ் போய்விடும். சொல்லாமலே வருடக்கணக்கில் ஓட்டினார்.

எல்லாரும் 1938 நவம்பர் 1ஆம் தேதி பிம்லிகோவில் நடந்த ஓட்டத்தைத்தான் கொண்டாடுவார்கள். சீபிஸ்கட்டும் வார் அட்மிரலும் மட்டும் நேருக்கு நேர். நாலு கோடிப் பேர் ரேடியோவில் காது வைத்துக் கேட்டார்கள். பொல்லார்ட் கால் உடைந்து ஆஸ்பத்திரியில் கிடந்ததால் நண்பர் ஜார்ஜ் வுல்ஃப் ஓட்டினார். படுக்கையிலிருந்தே பொல்லார்ட் யோசனை சொன்னார்: பாதியில் எதிராளியைப் பக்கத்தில் வரவிடு, இவன் அவன் கண்ணைப் பார்க்கட்டும், அப்புறம் பார். வுல்ஃப் அப்படியே செய்தார். நாலு குதிரை நீளத்தில் வெற்றி.

எனக்குப் பிடித்த கட்டம் அது இல்லை. 1937ல் சாண்டா அனிடா ஓட்டத்தில் தோற்றார்களே, அதுதான். முடிவுக்கோட்டை நெருங்கும்போது ரோஸ்மான்ட் என்ற குதிரை வலது பக்கமாக ஏறி வருகிறது. பொல்லார்டுக்குத் தெரியாத கண் பக்கம். மூக்கு அளவில் தோல்வி. பத்திரிகைகள் ஜாக்கியைக் கிழித்தன. தூங்கிவிட்டான், விரட்டவில்லை. நம் ஊர் பாஷையில், இழுத்துவிட்டான். கண் தெரியவில்லை என்று அவரால் சொல்லவும் முடியாது. ஹோவர்ட் பெரிய பணத்தை அந்த மூக்கு நுனியில் இழந்திருக்கிறார். பொல்லார்ட் மேல் ஒரு குற்றம் சொல்லவில்லை. அவரைத் தொடர்ந்து ஏற்றினார். மூன்று வருடம் கழித்து, 1940ல், உடைந்த காலோடு அதே பொல்லார்ட், அடிபட்டுத் தேறிய அதே குதிரைமேல் ஏறி, அதே ஓட்டத்தை ஜெயித்தார். இந்தப் பக்கங்களை நான் எத்தனை முறை படித்தேன் என்று என் மனைவியைக் கேளுங்கள். வேண்டாம், கேட்காதீர்கள்.

ஹோவர்டுக்கு நேர் எதிர் ஆளும் உண்டு. 2014ல் கலிஃபோர்னியா குரோம் என்ற ஏழைவீட்டுக் குதிரை மூன்று பெரிய ஓட்டங்களில் முதல் இரண்டையும் ஜெயித்து அமெரிக்காவையே மயக்கியது. மூன்றாவதான பெல்மான்டில், முந்தைய இரண்டிலும் ஓடாமல் புதுக்காலோடு வந்த டோனலிஸ்ட் ஜெயித்தது. குரோமின் முதலாளிகளில் ஒருவரான ஸ்டீவ் கோபர்ன் டிவி கேமரா முன்னாலேயே வெடித்தார்: இது கோழைகளின் வழியாம். இரண்டு நாள் கழித்து மன்னிப்பும் கேட்டார். மன்னிப்பை யார் ஞாபகம் வைத்திருக்கிறார்கள்?

இத்தனை தூரம் போவானேன். எங்கள் ஸ்டேஷனுக்கு அடுத்த ஸ்டேஷன் திருவாலங்காடு.

அங்கே நடந்தது இந்த வட்டாரத்தின் மிகப் பழைய சாம்பியன்ஷிப். சும்பன் நிசும்பன் வதத்துக்குப் பிறகு காளியின் உக்கிரம் அடங்கவில்லை. ஆலங்காட்டை அவள் ஆண்டுகொண்டிருந்தாள். சிவன் வந்தார். ஆடிப் பார்ப்போம், ஜெயித்தவருக்குக் காடு என்று பேச்சு. ஈசன் ஆடியதையெல்லாம் காளி ஆடினாள். அடிக்கு அடி, முத்திரைக்கு முத்திரை. யாரும் யாருக்கும் இளைப்பில்லை. அப்போது ஈசனின் காதுக் குண்டலம் கீழே விழுந்தது. அதைக் கால்விரலால் எடுத்து, காலைத் தலைக்கு நேரே தூக்கிக் காதில் மாட்டினார். ஊர்த்துவ தாண்டவம். சபையில் அத்தனை பேர் பார்க்க ஒரு பெண் அப்படிக் காலைத் தூக்குவாளா? காளி நின்றாள். ஆட்டம் முடிந்தது.

இது நியாயமான வெற்றியா என்ற கேள்வி சின்ன வயதிலிருந்து எனக்கு இருக்கிறது. குண்டலம் தானாக விழுந்ததா? எதிராளியால் முடியாது என்று தெரிந்தே எடுத்த அடியா? ஓதுவார் ஒருவரிடம் இதைக் கேட்டு அவர் என்னைப் பார்த்த பார்வையை முன்பே எழுதியிருக்கிறேன்.

நான் சொல்ல வந்தது அதற்குப் பிறகு நடந்தது. ஜெயித்தவர் தோற்றவளுக்கு ஒரு வரம் கொடுத்தார். இங்கே வருகிறவர்கள் முதலில் உன்னைக் கும்பிட்டுவிட்டுத்தான் என்னிடம் வர வேண்டும். அதனால் இன்றைக்கும் விவரம் தெரிந்தவர்கள் குளத்துப் பக்கம் இருக்கிற காளி கோயிலுக்குப் போய்விட்டுத்தான் வடாரண்யேஸ்வரர் கோயிலுக்குள் நுழைவார்கள். ஜெயித்தவருக்கு ரத்தின சபை. ஐந்து சபைகளில் ஒன்று. முதல் கற்பூரம் மட்டும் தோற்றவளுக்கு.

இதே போட்டிக்கு சிதம்பரமும் சொந்தம் கொண்டாடுகிறது. அங்கே கதை எப்படி முடிகிறது? தோற்ற காளி ஊரின் எல்லைக்குப் போய்விட்டாள். தில்லைக்காளி கோயில் ஊருக்கு வெளியேதான் இருக்கிறது. ஒரே ஆட்டம், ஒரே முடிவு. தோற்றவளை ஓர் ஊர் வாசலில் வைத்தது, இன்னோர் ஊர் ஓரத்தில் வைத்தது. மணவிற்கூத்தன் பேச்சை இனி எடுக்க மாட்டேன் என்று ஆசிரியருக்கு வாக்குக் கொடுத்திருக்கிறேன், இருந்தாலும் ஒரே ஒரு வரி: முதலாம் குலோத்துங்கனிடமும் விக்கிரம சோழனிடமும் பெரிய படைத்தலைவனாக இருந்த எங்கள் ஊர்க்காரன் அள்ளி அள்ளிப் பொன்னைக் கொடுத்தது தில்லைக்கு. கூப்பிடு தூரத்தில் ஆலங்காடு இருக்க!

ரசிகர்கள் என்று எடுத்தாலும் ஆலங்காட்டை அடித்துக்கொள்ள ஆளில்லை. காரைக்கால் அம்மையார் அழகையும் இளமையையும் உதறிப் பேய் உருவம் வாங்கிக்கொண்டு, கயிலைமலையில் கால் படக்கூடாதென்று தலையால் நடந்து போனவர். அங்கே அவர் கேட்டது ஆடுகிறவரின் காலடியில் நிரந்தரமாக ஓர் இடம். கிடைத்த இடம் ஆலங்காடு. இன்னும் அங்கேதான் உட்கார்ந்திருக்கிறார். அவர் தலையால் நடந்த ஊர் என்று சம்பந்தர் உள்ளே கால் வைக்கத் தயங்கி வெளியிலேயே தங்கினார் என்று சொல்வார்கள். போட்டியில் யார் ஜெயித்தார் என்பது அம்மையாருக்கு ஒரு பொருட்டாகவே இருந்ததாகத் தெரியவில்லை. ஆட்டம் நடந்தால் போதும்.

ஆலங்காட்டில் இப்படியென்றால் இன்னும் மேற்கே ராணிப்பேட்டை. 1714ல் செஞ்சியின் தேசிங்குராஜன் குதிரையோடு போய் மோதி மடிந்தான். ஜெயித்தவர் ஆற்காட்டு நவாப் சாதத்துல்லா கான். உடன்கட்டை ஏறிய தேசிங்கின் மனைவி நினைவாக அவர் உண்டாக்கிய ஊர்தான் ராணிப்பேட்டை என்பது வழங்கிவரும் செய்தி. அந்தப் பெண்ணுக்கு அதனால் என்ன லாபம் என்று நீங்கள் கேட்டால் என்னிடம் பதிலில்லை. ஆனால் தெருக்கூத்திலும் கதைப்பாட்டிலும் தேசிங்கும் அவன் குதிரையும்தான் வருகிறார்கள். நவாபுக்குப் பாட்டு கிடையாது.

இதையெல்லாம் பெரியவரிடம் சொன்னேன். காளி விஷயத்தில் மட்டும் சண்டை வந்துவிட்டது. ரேஸில் ஒரு குதிரை இன்னொன்றின் பாதையை மறித்தால், தோற்ற ஜாக்கி அப்ஜக்‌ஷன் கொடுக்கலாம். ஸ்டூவர்டுகள் படத்தைப் போட்டுப் பார்த்து முடிவு சொல்லும்வரை யாருக்கும் காசு கிடையாது. 2019 கென்டக்கி டெர்பியில் முதலில் வந்த மேக்ஸிமம் செக்யூரிட்டியையே இறக்கிவிட்டு கன்ட்ரி ஹவுஸை ஏற்றினார்கள். காளி ஓர் அப்ஜக்‌ஷன் கொடுத்திருந்தால் நின்றிருக்கும் என்பது என் கட்சி.

"குடுத்திருந்தா கேஸ் ஜெயிச்சிருக்கும் சார்" என்றார் பெரியவர். "முதல் பூசை கிடைச்சிருக்குமா?"

அப்படியானால் குண்டலம் விழுந்தது தற்செயல்தான் என்று நீங்களும் நம்புகிறீர்களா என்று மடக்கினேன்.

"யார் சொன்னா? அது நிச்சயமா வேணும்னே பண்ணதுதான்" என்று கிளாஸை வைத்துவிட்டு எழுந்தார். "நான் இருந்திருந்தா காளி மேலதான் கட்டியிருப்பேன்."

சிதம்பரம் வாசகர்கள் இந்த வாரம் கோபமாக எழுதுவார்கள். கடிதங்களை வழக்கம்போலப் பத்திரிகை அலுவலகத்துக்கு அனுப்பவும்; என் வீட்டு விலாசம் தெரிந்த இரண்டு பேருக்கும் சேர்த்துத்தான் சொல்கிறேன்.