அரியர் வைத்த அக்கா

சில ஆண்டுகளுக்கு முன், முதலாண்டு வகுப்பில் உதவித்தொகைப் படிவத்தைக் கையில் வைத்துக்கொண்டு, "எஸ்.டி. பிள்ளைங்கல்லாம் எழுந்து நில்லுங்க" என்றேன். மூன்று பேர் எழுந்தார்கள். பட்டியலில் நான்கு பேர். நான்காவது பெண் நோட்டைப் பார்த்தபடியே உட்கார்ந்திருந்தாள். மறுநாள் இரண்டாமாண்டு மாணவி ஒருத்தி அவள் கையைப் பிடித்து அழைத்து வந்து, "இவளுக்கும் ஒரு ஃபார்ம் குடுங்க சார்" என்றாள். எனக்குச் சுருக்கென்றது.

சித்தேரி, வத்தல்மலை என்று தருமபுரி மாவட்டத்தின் மலையூர்களிலிருந்து மலையாளிப் பழங்குடிப் பிள்ளைகள் கல்லூரிக்கு இறங்கி வருகிறார்கள். இதே மாவட்டத்தின் கோட்டூர் மலைக்குத் தேர்தலின்போது வாக்குப்பதிவு இயந்திரமே கழுதை முதுகில்தான் போயிருக்கிறது. பழங்குடிச் சான்றிதழுக்குத் தாசில்தார் போதாது, கோட்டாட்சியர் கையெழுத்து வேண்டும். புதுமைப் பெண் திட்டம் 2022-லும் தமிழ்ப் புதல்வன் திட்டம் 2024-லும் வந்தன. அரசுப் பள்ளியில் படித்து வந்தவர்களுக்கு மாதம் 1,000 ரூபாய் கிடைக்கிறது. நல்லது. ஆனால் இன்டர்னல் மார்க் என்றால் என்ன, போனஃபைடு சான்றிதழ் யாரிடம் கேட்பது என்பதைப் பணம் சொல்லித் தராது.

அதற்கு டியூட்டர் இருக்கிறாரே என்பீர்கள். கல்லூரியின் தரத்தை மதிப்பிடும் நாக் குழு வருவதற்கு முந்தைய வாரம் ஒரே பேனாவில் நிரம்பும் மென்டர் நோட்டுகள் நமக்குத் தெரியாததா?

சீனியர்களை இந்த வேலைக்கு விடவும் நமக்குப் பயம். 1996-இல் மாணவர் நாவரசு ராகிங்கில் கொல்லப்பட்டதும், 1997-இல் ராகிங் தடைச் சட்டம் வந்ததும் மறக்கக்கூடியவை அல்ல. சட்டம் அவசியமே. ஆனால் அதற்குப் பயந்து, சீனியர் ஜூனியரிடம் பேசினாலே சந்தேகப்படப் பழகிவிட்டோம். நூலகத்து மேசையில், பகலில், துறைக்குத் தெரிந்து நடக்கும் பேச்சுக்கு என்ன பயம்?

மிசௌரி பல்கலைக்கழகத்தின் கான்சாஸ் சிட்டி வளாகத்தில் டியானா மார்ட்டின் 1973-இல் தொடங்கிய முறை நமக்குப் பொருந்தும். யார் பலவீனமான மாணவர் என்று அங்கே தேடுவதில்லை. அதிகம் பேர் தோற்கும் தாளைத் தேடுகிறார்கள். அந்தத் தாளை முன்பே முடித்த மாணவர் மறுபடி வகுப்பில் உட்கார்ந்து கேட்டு, பிறகு மற்ற மாணவர்களைத் தனியே கூட்டிவைத்து அவர்களோடு சேர்ந்து படிக்கிறார். யார் வேண்டுமானாலும் வரலாம். யாரும் எழுந்து நிற்க வேண்டியதில்லை. நம் ஊரில் முதல் செமஸ்டர் ஆங்கிலத்திலிருந்து தொடங்கலாம்.

வழிகாட்டியாக ரேங்க் ஹோல்டரைப் போடாதீர்கள். அவருக்கு எங்கே இடறும் என்பது தெரியாது. என்னிடம் படிவம் கேட்டு வந்தவள் ஆங்கிலத்தில் அரியர் வைத்து, அடுத்த முறை எழுதித் தேறியவள். அவளைப் போன்றவர்களுக்குச் 'சேவைச் சான்றிதழ்' மட்டும் கொடுத்து அனுப்புவதும் நியாயமில்லை. ஞாயிற்றுக்கிழமை கேட்டரிங் வேலைக்குப் போகிற பிள்ளைகள் அவர்கள். மணிக்கணக்குப் பார்த்துப் பணம் கொடுக்க வேண்டும்.

நேரம் குறிக்கும்போது பஸ் டைமைப் பாருங்கள். வகுப்பு முடிந்த பிறகு மாலை நான்கு மணிக்குக் கூட்டம் என்று சுற்றறிக்கை விட்டால், சித்தேரிக்குப் போகிற பிள்ளை அரூர் பஸ்ஸைப் பிடிக்க ஓடிக்கொண்டிருக்கும்.