தாலியோடு முடியும் கதைகள்

காதல் நவீனம் என்றதும் முகஞ் சுளிக்கும் பெரியோர் நம்மிடையே பலர் உளர். அண்மையில் கொழும்புத்துறையில் கமக்காரரும் ஆசிரியருமாகச் சிலர் கூடியிருந்த இடத்தில் இப்பேச்சே எழுந்தது. உத்தியோகம் பார்க்கும் பெண்பிள்ளைகளின் கைகளிற்கூட ரமணிசந்திரனின் நாவல்களே இருக்கின்றன, இவை அவர்களின் புத்தியைக் கெடுத்துவிடும் என்று முதியவர் ஒருவர் வருந்தினார். அவருடைய கவலையை யாம் மதிக்கின்றோம், முடிவை ஏற்கோம்.

நூற்றுக்கு மேற்பட்ட நவீனங்களை எழுதிப் பெருந்தொகைப் பெண்களை வாசகராக்கிய ஒருவரை எள்ளி நகையாடுவது எளிது. அவருடைய கதாநாயகி பெரும்பாலும் மானமுள்ளவள், அறிவுடையவள், பல கதைகளில் சொந்த உழைப்பில் நிற்பவள். செல்வந்தனான நாயகன் முன் அவள் நிமிர்ந்து நின்று மறுமொழி சொல்லும் பக்கங்களை எந்தத் தகப்பனும் தன் மகளுக்குத் துணிந்து கொடுக்கலாம். பின்னர் ஐயந் தீர்கிறது, மணம் நிறைவேறுகிறது, புத்தகம் முடிகிறது. அவளுடைய வேலை என்னவாயிற்று? சம்பளம் யார் கைக்குப் போயிற்று? அவள் பெயரில் இரண்டு பரப்புக் காணியாவது உண்டா? கதை வாய் திறப்பதில்லை. எமது குறை அதுவே.

எழுதியவரின் வாழ்க்கையே எழுதிய கதையை மிஞ்சியதும் உண்டு. திரிபுரசுந்தரி என்ற இயற்பெயருடைய லக்ஷ்மி, சென்னை ஸ்டான்லி மருத்துவக் கல்லூரியிற் படித்த காலத்தில் பணமுடையால் தவித்தார். ஆனந்த விகடனுக்குக் கதை எழுதி, அந்த ஊதியத்தாற் படிப்பைத் தொடர்ந்து டாக்டரானார். 1984இல் சாகித்திய அகாதெமிப் பரிசும் பெற்றார். அவருடைய ‘பெண் மனம்’ நாவலைத் தழுவி 1963இல் வந்ததே ‘இருவர் உள்ளம்’ என்னும் படம். வெறுத்த ஒருவனை மணந்தவள் பின் அவனை நேசிக்கும் கதை அது. பேனாவைக் கொண்டு பட்டம் வாங்கிய பெண்ணின் கதை அதனினும் பெரிதன்றோ!

நம் நாட்டிலோ தொடக்கம் வேறு விதமாக இருந்தது. மங்களநாயகம் தம்பையா 1914இல் எழுதிய ‘நொறுங்குண்ட இருதயம்’ மணத்தோடு நின்றுவிடவில்லை; மணத்தின் பின் மனைவி படும் துயரத்தையே பொருளாகக் கொண்டது.

அதற்கு மூன்றாண்டுகளின் முன்னர், 1911இல், தேசவழமைக்கு உட்பட்டோர்க்காக யாழ்ப்பாணத் திருமண உரிமைகள், மரபுரிமைக் கட்டளைச் சட்டம் பிறந்தது. மனைவியின் தனிச் சொத்து அவளுடையதே என்று அதன் 6ஆம் பிரிவு ஒரு கையாற் கொடுத்தது. அசையாச் சொத்தைக் கைமாற்றக் கணவனின் எழுத்து மூலமான சம்மதம் வேண்டும் என்று மறு கையாற் பற்றிக்கொண்டது. நகையை விற்க அவன் சம்மதம் வேண்டா, காணிக்கு வேண்டும். அதே காணியை மரண சாசனத்தால் யாருக்கு எழுதவும் அவன் சம்மதம் வேண்டா. உயிரோடிருந்து ஈடு வைக்க இயலாதவள் இறந்து கொடுக்கலாமாம்! நாட்டின் பொதுச் சட்டத்துக்கு உட்பட்ட மனைவியரை 1923ஆம் ஆண்டின் சட்டம் இத்தளையினின்று விடுவித்தது. தேசவழமைக்குட்பட்ட நம் பெண்களைப் புறத்தே விட்டது.

வெங்காயமும் புகையிலையும் விற்று மகளைப் படிப்பிக்கும் கமக்காரர் இதனை எண்ணிப் பார்த்தல் வேண்டும். மகள் டாக்டராகிறாள். சீதனக் காணியை வங்கியில் ஈடு வைத்து ஊரிலேயே ஒரு மருத்துவமனை கட்ட விரும்புகிறாள். கணவன் கனடாவில் இருக்கிறான். 1911ஆம் ஆண்டின் விதிப்படி நொத்தாரிசு அவளிடம் கேட்க வேண்டிய முதற் கேள்வி, “அவருடைய ஒப்பம் எங்கே?” என்பதாகும். நல்லவனாயின் ஒப்பம் தபாலில் வந்து சேரும். மனங் கசந்தவனாயின்? கைவிட்டுப் போனவன், இருப்பிடம் அறியப்படாதவன், நியாயமின்றி மறுப்பவன் ஆகியோரின் மனைவியர் மாவட்ட நீதிமன்றத்தில் அச்சம்மதத்தைப் பெறலாம் என 8ஆம் பிரிவு வழி வைத்தது. வழி உண்டுதான், அதற்கு நாளும் பணமும் வேண்டும். 2009இல் போர் ஓய்ந்தபின் கணவன் உளனோ இலனோ என்று அறியாது நின்ற மனைவியரை எண்ணுங்கள். தன் தகப்பன் தந்த நிலத்தைத் தொடுவதற்குக் கணவனைக் காணவில்லை என்று ஒருத்தி மன்றில் நின்று சொல்வதா?

சம்மதம் கேட்கும் அச்சொற்களுக்கு எந்தச் சட்டத்திலும் இடம் இருத்தலாகாது என்பதே எமது வாதம். கணவனும் மனைவியும் கலந்து பேசிக் காணியை விற்பது நல்ல குடித்தனம்; அதனைச் சட்டம் ஒருத்திக்கு மாத்திரம் கட்டளையாக்குதல் ஆகாது. நாவலாசிரியர்களும் இவ்விடத்தைக் கண் திறந்து பார்க்கலாம். நொத்தாரிசின் மேசைக்கு முன்னால், கையில் பேனாவுடன், ஒப்பமிட இயலாது நிற்கும் டாக்டரைக் காட்டிலும் சுவையான கதாநாயகி எவள்? அங்கே காதலும் உண்டு, மானமும் உண்டு, கணவனின் உள்ளத்தைப் பரீட்சிக்கும் கட்டமும் உண்டு.

தந்தையரே, மகளின் கையிலுள்ள நாவலைப் பறிக்க வேண்டாம். சீதன உறுதி எழுதும் நாளில் 6ஆம் பிரிவையும் 8ஆம் பிரிவையும் அவளுக்கு வாசித்துக் காட்டுங்கள். மாப்பிள்ளையும் கூடவே இருந்து கேட்கட்டும்.